கேப்டன் ஜேன்வேக்கு மறுக்கப்பட்ட காதல்

ஒரு பெண்ணை விண்கலத்தின் தலைமை நாற்காலியில் உட்காரவைத்து, அவரை மையமாக வைத்து முழுத் தொடரையும் எடுக்க 'ஸ்டார் ட்ரெக்' குடும்பத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1966இல் தொடங்கிய அந்த வரிசையில், 1995 ஜனவரி 16 அன்று 'வாயேஜர்' ஒளிபரப்பானபோதுதான் கேப்டன் கேத்ரின் ஜேன்வே வந்தார். கேட் மல்க்ரூ அந்தப் பாத்திரத்தை 2001 மே 23 வரை, ஏழு சீசன்கள் சுமந்தார். ஜேன்வே போர் நடத்தினார், எதிரிகளோடு பேரம் பேசினார், அறிவியல் புதிர்களை விடுவித்தார், காலத்தையே திருப்பினார். ஒரு மனிதரைத் தன் சுயநினைவோடு, தன் பதவியில் இருந்தபடியே, கப்பலில் எல்லோரும் அறியக் காதலிப்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

இதை ரசிகர்களின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். திரைக்கதையைத் தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்தத் தொடரின் கையில் இருந்த மிக வலுவான கதை அதுதான். அதை எழுதாமல் விட்டதால் ஜேன்வே என்ற பாத்திரம் மட்டும் இழக்கவில்லை. தொடரே தன் அடித்தளக் கேள்வியிலிருந்து ஒதுங்கிப்போனது.

கதை தொடங்கும் இடத்தைப் பாருங்கள். மாக்கி என்ற கிளர்ச்சிக் குழுவின் கப்பல் ஒன்றைத் தேடிப் பிடிக்க ஜேன்வே அனுப்பப்படுகிறார். அதன் தலைவர் சக்கோட்டே; முன்னாள் விண்படை அதிகாரி, இப்போது தேடப்படும் ஆள். வேற்றுலகச் சக்தி ஒன்று இரண்டு கப்பல்களையும் பால்வெளியின் மறுகோடிக்கு இழுத்துப்போட்டுவிடுகிறது. ஊர் திரும்ப 70,000 ஒளியாண்டுகள். உச்ச வேகத்தில் போனாலும் 75 ஆண்டுகள். மாக்கி கப்பல் அழிந்துபோக, இரண்டு தரப்பும் ஒரே கப்பலில் ஏறுகின்றன. கைதுசெய்யப் போனவர் கேப்டன்; கைதாகியிருக்க வேண்டியவர் அவருக்கு அடுத்த இடத்தில் துணைத் தளபதி. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பூமியில் ஜேன்வேக்கு மார்க் என்று ஒருவர், நிச்சயமானவர், காத்திருக்கிறார். சினையாக இருக்கும் தன் நாயை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, சில வாரங்களில் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பில் கிளம்பியவர்தான் ஜேன்வே.

ரிக் பெர்மன், மைக்கேல் பில்லர், ஜெரி டெய்லர் ஆகிய மூவரும் சேர்ந்து அமைத்த அடித்தளம் இது. சக்கோட்டேயாக நடித்தவர் ராபர்ட் பெல்ட்ரான். இந்த இருவரையும் இப்படி அருகருகே உட்காரவைத்தது எழுத்தாளர்கள்தான்; பார்வையாளர்கள் கேட்டு வாங்கியதல்ல. ஒரு வாழ்நாள் நீளப் பயணம், திரும்பிப்போக முடியாத ஊர், ஒருவரையொருவர் நம்பியே தீரவேண்டிய இரண்டு பழைய எதிரிகள். இவ்வளவையும் கூட்டி வைத்துவிட்டு, இதிலிருந்து எதுவும் முளைக்காது என்று எந்தக் கதாசிரியரும் நினைத்திருக்க முடியாது.

முளைக்கவும் செய்தது. 1996 மே மாதம் ஒளிபரப்பான 'ரெசல்யூஷன்ஸ்' என்ற எபிசோடை ஜெரி டெய்லரே எழுதினார். ஒரு கோளில் பூச்சி கடித்ததில் ஜேன்வே, சக்கோட்டே இருவருக்கும் தீராத நோய். அந்தக் கோளின் சூழலில் மட்டுமே உயிரோடு இருக்க முடியும். கப்பலை அதிகாரி டூவாக்கிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஜேன்வே முதலில் விடுவதாக இல்லை. ஆய்வுக் கருவிகளை விரித்து வைத்துக்கொண்டு மருந்து தேடிக்கொண்டே இருக்கிறார். சக்கோட்டே வேறு மாதிரி: இதுதான் இனி வீடு என்றால் வீடாகவே ஆக்கிக்கொள்வோம் என்கிறவர். மரத்தை இழைத்துக் கட்டில் தலைமாட்டைச் செய்கிறார். ஜேன்வேக்குக் குளியல் தொட்டி பிடிக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அவருக்குச் சொல்லாமலேயே ஒரு தொட்டியைச் செய்து வைக்கிறார். பின்னர் ஒரு பெரும்புயல் அடித்து ஆய்வுக் கருவிகளையெல்லாம் நொறுக்கிவிடுகிறது. மருந்து என்ற வழியும் அடைபடுகிறது.

அதற்குப் பிறகு வரும் காட்சியைத் திரைக்கதை வகுப்புகளில் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஒரு மேசை, இரண்டு பேர். தங்களுக்குள் சில வரையறைகளைப் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்று ஜேன்வே பேச்சை எடுக்கிறார். தன்னால் அப்படி வரையறுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, தன் மக்களிடையே வழங்கும் பழங்கதை ஒன்று இருக்கிறது என்று சக்கோட்டே ஆரம்பிக்கிறார். கோபம் தணியாத ஒரு போர்வீரன், ஒரு பெண் வீரரின் படையில் சேர்ந்து, அவரது சுமையை இலகுவாக்குவதே தன் வேலை என்று எடுத்துக்கொண்டதில் மன அமைதியைக் கண்டடைந்த கதை. ஜேன்வேயின் கண்ணில் நீர் கட்டுகிறது. உண்மையிலேயே அப்படியொரு பழங்கதை இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை, இப்படிச் சொன்னால் சொல்வது எளிதாக இருந்தது என்கிறார் சக்கோட்டே. மேசைமேல் இருவர் கைகளும் கோத்துக்கொள்கின்றன. முத்தம் இல்லை, தழுவல் இல்லை. பின்னணி இசைகூட அடங்கியே ஒலிக்கிறது.

இந்தக் காட்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சக்கோட்டே தன் காதலைச் சொல்லும்போதுகூட ஜேன்வேயின் தலைமையைக் குறைத்துப் பேசவில்லை. அவர் தளபதியாக இருப்பதையே காதலிக்கிறார். பதவியை ஒரு பக்கமும் பெண்ணை ஒரு பக்கமும் பிரித்து வைக்காத எழுத்து அது. அந்த நான்கைந்து நிமிடத்தில், தலைவி ஒருவர் நேசிக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை டெய்லர் காட்டிவிட்டார்.

பிறகு கப்பல் மருந்தோடு திரும்பி வருகிறது. இருவரும் சீருடை மாட்டிக்கொள்கிறார்கள். கட்டளைத் தளத்தில் நின்று, அளந்த குரலில், அலுவல் மொழியில் பேசிக்கொள்கிறார்கள். அந்த முடிவு நன்றாகவே இருந்தது. அடுத்த எபிசோடுகளில் ஏதாவது தொடரும் என்று நம்பவைத்த முடிவு. ஆனால் எதுவும் தொடரவில்லை. அந்தக் கோளில் கழிந்த வாரங்கள் நடக்காதவைபோல ஆயின.

அதே 1996 மே மாதம், ஒரு வாரம் முன்பு, அதே 'ஸ்டார் ட்ரெக்' குடும்பத்தின் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் என்ன நடந்தது என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் நாயகன் பெஞ்சமின் சிஸ்கோ மனைவியை இழந்தவர், ஒரு மகனின் தந்தை. காசிடி யேட்ஸ் என்ற சரக்குக் கப்பல் தலைவியைக் காதலிக்கிறார். 'ஃபார் த காஸ்' எபிசோடில் காசிடி மாக்கி குழுவுக்கு ரகசியமாக மருந்துப் பொருள்கள் கொண்டுபோவது தெரிகிறது. தப்பிக்க வழியிருந்தும் காசிடி திரும்பி வருகிறார்; சிஸ்கோ அவரைக் கைதுசெய்ய வைக்கிறார். காசிடி சிறைக்குப் போய்த் திரும்புகிறார். உறவு முறியவில்லை. 1999இல் இருவரும் திருமணம் செய்துகொள்கிறார்கள். கடமையும் காதலும் மோதினால் காட்சி எவ்வளவு கனக்கும் என்பதற்கு அந்த எபிசோடு ஒன்றே போதும். மாக்கி பெண்ணை ஒரு தளபதி காதலிக்கலாம், கைதுசெய்யலாம், மறுபடியும் ஏற்றுக்கொள்ளலாம். அவரது மிடுக்கில் ஒரு துளியும் குறையாது. அதே உலகத்தில் மாக்கி ஆண் ஒருவரைக் காதலிக்கும் தளபதிக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது.

ஏன் சாத்தினார்கள்? காரணங்கள் அற்பமானவை அல்ல. மல்க்ரூவே பேட்டிகளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்: கேப்டன் தன் கப்பலில் இருக்கும் ஒருவரோடு உறவில் இருப்பது சரியில்லை என்பது அவர் நிலைப்பாடு. ஒரு முழுத் தொடரின் நாயகியாக ஒரு பெண் முதன்முறையாகக் கேப்டன் நாற்காலியில் உட்காருகிறார். உட்கார்ந்த உடனே அவரை யாரோடு சேர்த்துவைப்பது என்று ஆரம்பித்தால், அவர் கட்டளையிடுவதை யார் பார்ப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும். நியாயமான பயம். அந்தத் தயாரிப்பில் அவருடைய சிகையலங்காரத்தைப் பற்றி நடந்த விவாதங்களே அதற்குச் சாட்சி. முதல் எபிசோடில் முடி அமைப்பு பிடிக்கவில்லை என்று எடுத்த காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். அடுத்தடுத்த சீசன்களிலும் கொண்டையா, வாரிவிட்ட முடியா என்று மாறிக்கொண்டே இருந்தது. முந்தைய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கேப்டன் பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் வழுக்கைத் தலை ஏழு ஆண்டுகள் அப்படியே இருந்தது. முடியையே இப்படிக் கண்காணிக்கும் இடத்தில், காதலை எப்படிக் கையாள்வார்கள் என்று ஒரு நடிகை அஞ்சியதில் தப்பே இல்லை.

இன்னொரு காரணம் தொழில் சார்ந்தது. 'வாயேஜர்' யூபிஎன் என்ற புதிய அலைவரிசையின் முகமாக வந்த தொடர். ஆண்டுக்கு 26 எபிசோடுகள் வரை எழுத வேண்டும். பின்னாளில் எந்த எபிசோடை எந்த வரிசையில் மறுஒளிபரப்பு செய்தாலும் புரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு வாரமும் கதை முடியும்போது எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். வளர்ந்துகொண்டே போகும் உறவுக்கு இந்த ஏற்பாட்டில் இடம் குறைவு. ஆனால் இதே தொடரில் டாம் பாரிஸ், பெலான்னா டோரஸ் இருவரும் காதலித்து, சண்டைபோட்டு, திருமணம் செய்து, கடைசி எபிசோடில் குழந்தையும் பெற்றார்கள். துணைப் பாத்திரங்களுக்குக் கிடைத்த தொடர்ச்சி நாயகிக்குக் கிடைக்கவில்லை என்றால், மறுஒளிபரப்பை முழுக் காரணமாகச் சொல்ல முடியாது.

1998இல் 'ஹன்ட்டர்ஸ்' என்ற எபிசோடில் பூமியிலிருந்து முதன்முறையாகக் கடிதங்கள் வருகின்றன. ஜேன்வேக்கு வந்த கடிதம் மார்க்குடையது. அவர் வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டுவிட்டார். ஜேன்வே அதைச் சக்கோட்டேயிடம் சொல்லும் காட்சியில், யாரோடும் நெருங்காமல் இருப்பதற்கு மார்க்கை ஒரு பாதுகாப்பு அரணாக வைத்துக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். இப்போது அந்த அரண் இல்லையே என்கிறார் சக்கோட்டே. காலம் நிறைய இருக்கிறது என்ற பொருளில் பேச்சு முடிகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கதவைத் திறந்துவைக்க முடியாது. அந்தச் சீசனோடு ஜெரி டெய்லர் தொடரின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பிரானன் பிராகா வந்தார். திறந்த கதவு வழியாக யாரும் உள்ளே போகவில்லை.

அடக்கிவைத்தால் காதல் இல்லாமல் போய்விடாது என்பதைப் பிந்தைய சீசன்கள் காட்டுகின்றன. அது வேறு வேறு வழிகளில் வெளியே வந்தது. அந்த வழிகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

முதலில் எதிரி. 1998 டிசம்பரில் வந்த 'கவுன்ட்டர்பாயின்ட்', தொடரின் மிகச் சிறந்த எபிசோடுகளில் ஒன்று. மைக்கேல் டெய்லர் எழுதியது. மனத்தை வாசிக்கும் திறனுள்ளவர்களைச் சட்டவிரோதமாக்கிய ஓர் அரசின் சோதனை அதிகாரி காஷிக். அப்படிப்பட்ட அகதிகளை ஜேன்வே கப்பலில் ஒளித்துவைத்திருக்கிறார். காஷிக் ஒவ்வொரு முறை சோதனைக்கு வரும்போதும் கப்பல் முழுக்க மேற்கத்திய செவ்வியல் இசையை ஒலிக்க வைக்கிறான். நயமான, ஆபத்தான ஆள். ஒரு நாள் தனியாக வந்து, தன் அரசைவிட்டு ஓடிவந்துவிட்டதாகவும் அடைக்கலம் வேண்டும் என்றும் கேட்கிறான். இருவரும் இரவு பகலாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, அகதிகள் தப்பிக்கும் வழியைத் தேடுகிறார்கள். கடைசியில் முத்தமிடுகிறார்கள். அவன் துரோகம் செய்கிறான். அதை ஜேன்வே முன்னரே கணித்து, அகதிகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். ஆனாலும் அவனைக் கூடவே வரச்சொல்லி அழைத்ததில் பொய் இல்லை என்பதை மல்க்ரூவின் முகம் சொல்லிவிடுகிறது.

அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் ஜேன்வே ஆசைப்படுகிறார், சந்தேகப்படுகிறார், இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு கட்டளையிடுகிறார். ஒரு நொடிகூட அவரது தலைமை தளரவில்லை. காதல் வந்தால் கேப்டன் பலவீனமாகிவிடுவார் என்ற பயத்துக்கு அந்த எபிசோடே பதில் சொல்லிவிட்டது. பதில் கையில் கிடைத்த பிறகும் தயாரிப்பாளர்கள் அதைத் தொடரின் நிலையான உறவு எதற்கும் பயன்படுத்தவில்லை. காஷிக் போய்விடுவான் என்பதால்தான் அவனுக்கு அனுமதி.

அடுத்தது ஒளியுரு. 2000 ஜனவரியில் 'ஃபேர் ஹேவன்'. ஹோலோடெக் அறையில் உருவாக்கிய ஓர் அயர்லாந்து கிராமத்தில், மது விடுதி நடத்தும் மைக்கேல் சல்லிவன் என்ற கற்பனை மனிதனிடம் ஜேன்வே மனம் சாய்கிறார். அவனை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாமல், இன்னும் படித்தவனாக, இன்னும் பேசத் தெரிந்தவனாக மாற்றச் சொல்லிக் கணினிக்குக் கட்டளையிடுகிறார். அவனுடைய மனைவி பாத்திரத்தையே அழித்துவிடுகிறார். இதை லேசான நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்க வலிக்கிறது. ஐந்து ஆண்டுகளாகத் தனித்திருக்கும் ஒரு பெண், தான் சொன்னபடி கேட்கும் ஓர் உருவத்தைத் திருத்தித் திருத்தித் துணையாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே கப்பலில் அவருடைய முடிவுகளை எதிர்த்துப் பேசும், அவரோடு உடன்படாமலும் அவர் பக்கம் நிற்கும் ஒரு மனிதர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கப்பலின் மருத்துவரோ கேப்டனிடம், உங்கள் பதவியில் இருப்பவர் கப்பலில் யாரோடும் உறவு வைத்துக்கொள்ள முடியாது, பிறகு வேறு என்ன வழி இருக்கிறது என்று ஆறுதல் சொல்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு சீசனுக்கான கதை கிளம்பியிருக்கலாம். அது ஒரு சமாதானமாக முடிந்துபோனது.

கடைசியாக மறதி. 2001இல் இரண்டு பகுதிகளாக வந்த 'வொர்க்ஃபோர்ஸ்' எபிசோடில், கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நினைவு அழிக்கப்பட்டு, வேறொரு கோளில் தொழிலாளிகளாக வாழ்கிறார்கள். தான் கேப்டன் என்பதே தெரியாத ஜேன்வே, ஜாஃபன் என்ற சக தொழிலாளியைக் காதலித்து, அவனோடு குடித்தனம் தொடங்குகிறார். மல்க்ரூ இங்கே சிரிக்கும் சிரிப்பு அந்த ஏழு ஆண்டுகளில் வேறெங்கும் இல்லை. நினைவு திரும்பியதும் அந்த வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அவனைக் கப்பலுக்கு அழைத்துக்கொள்ளவும் பதவி தடையாக நிற்கிறது.

எதிரியோடு காதல், நிழலோடு காதல், தன்னை மறந்த நிலையில் காதல். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தொடர் தெரிந்தோ தெரியாமலோ சொல்லும் செய்தி கசக்கிறது: தலைவியாக இருக்கும்வரை நேசம் கிடையாது, நேசம் வேண்டுமென்றால் தலைவியாக இருக்கக் கூடாது. ஜேன்வேயைக் காப்பாற்றுவதற்காக எடுத்த முடிவு, அவரைப் பற்றி இப்படியொரு தீர்ப்பை எழுதிவிட்டது. மல்க்ரூ எதைத் தவிர்க்க நினைத்தாரோ, அதுவே சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது.

கேப்டனும் கீழதிகாரியும் நெருங்கக் கூடாது என்ற விதி சரியான விதி. அதைக் கதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் விதி என்பது கதாசிரியருக்குக் கிடைத்த கொடை. விதி இருக்கும் இடத்தில்தான் நாடகம் பிறக்கும். பிக்கார்டுக்கு இதைச் செய்தார்கள். 1993இல் வந்த 'லெஸன்ஸ்' எபிசோடில், கப்பலுக்குப் புதிதாக வரும் விஞ்ஞானி நெல்லா டாரனை அவர் காதலிக்கிறார். கப்பலின் குழாய்ப் பாதைகள் சந்திக்கும் ஓரிடத்தில், எதிரொலி நன்றாக விழும் என்று கண்டுபிடித்து, அவர் புல்லாங்குழலும் அந்தப் பெண் பியானோவுமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். பிறகு நெருப்புப் புயல் வீசும் ஒரு கோளுக்கு அவரை அனுப்ப வேண்டிய கட்டாயம். அனுப்புகிறார். செத்துவிட்டார் என்றே சில மணி நேரம் நினைக்கிறார். அவர் உயிரோடு திரும்பியதும் இருவரும் பேசிப் பிரிகிறார்கள். நெல்லா வேறு கப்பலுக்கு மாற்றல் வாங்கிக்கொள்கிறார்.

'வாயேஜர்' கப்பலில் மாற்றல் கிடையாது. மாற்றிப்போக வேறு கப்பல் இல்லை. காதலித்தாலும் பிரிந்தாலும் மறுநாள் காலையில் அதே நாற்காலி, அதே முகம், இன்னும் எத்தனையோ பத்தாண்டுகளுக்கு. பிக்கார்டின் கதையைவிட எத்தனை மடங்கு இறுக்கமான கதை! 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998இல் சிஸ்கோவின் கீழ் பணியாற்றும் வொர்ஃப் தன் மனைவி ஜாட்ஸியாவைக் காப்பாற்றுவதற்காகத் தன் பணியைக் கைவிடுகிறான். அதனால் ஓர் உளவாளி இறக்கிறான். கேப்டனாக அவனைக் கண்டிக்கும் சிஸ்கோ, கணவனாக இருந்தவன் என்ற முறையில் தானும் அதைத்தான் செய்திருப்பேன் என்கிறார். இப்படியொரு சோதனையை ஜேன்வேக்கு வைத்திருந்தால், அவர் என்ன செய்திருப்பார்? அவர் வொர்ஃப் போலச் செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். சக்கோட்டேயைச் சாகவிட்டுக் கப்பலைக் காப்பாற்றியிருப்பார். அதோடு வாழ்ந்தும் இருப்பார். அதைத் திரையில் பார்க்கும் வாய்ப்பை நமக்குத் தரவில்லை.

அதற்கான கட்டங்கள் தொடரிலேயே கிடந்தன. 1997இல் 'ஸ்கார்பியன்' கதையில் போர்க் இனத்தோடு கூட்டுச் சேரலாமா என்பதில் இருவருக்கும் கடும் மோதல். 1999இல் 'ஈக்வினாக்ஸ்' கதையில் ஜேன்வே வெறியோடு ஒரு துரோகியைத் துரத்துகிறார். கைதி ஒருவனின் உயிரோடு விளையாடுகிறார். தடுத்த சக்கோட்டேயைப் பதவிநீக்கம் செய்கிறார். இந்தச் சண்டைகளெல்லாம் தளபதிக்கும் துணைத் தளபதிக்கும் நடந்த சண்டைகளாக நின்றுவிட்டன. இருவரும் மனத்தளவில் ஒன்றாகிவிட்டவர்கள் என்று வைத்துக்கொண்டு அதே வசனங்களை வாசித்துப் பாருங்கள். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை, கனம் இரட்டிப்பாகிவிடும். முத்தக் காட்சிகள் வேண்டும், கல்யாணம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும், கப்பலில் எல்லோருக்கும் தெரியும் என்ற ஒரு நிலை போதும். மற்றதை அந்த இரண்டு நடிகர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி எழுத முடியுமா என்ற சந்தேகத்தை ரொனால்ட் டி. மூர் தீர்த்துவைத்தார். 1999இல் 'வாயேஜர்' எழுத்துக் குழுவில் சேர்ந்து, சில மாதங்களிலேயே வெளியேறியவர் அவர். தொலைந்துபோன கப்பலுக்குள் நடப்பவற்றுக்கு நீடித்த விளைவுகள் இல்லாமல் போவதை அவர் வெளிப்படையாகவே விமர்சித்தார். பின்னர் 2003 முதல் 2009 வரை அவர் உருவாக்கிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வும் வீடிழந்த கப்பல்களின் கதைதான். படைத்தளபதி அடாமாவாக எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், அதிபர் லாரா ராஸ்லினாக மேரி மெக்டானல். இருவருக்கும் நடுவயது கடந்துவிட்டது. ராஸ்லினுக்கு மார்பகப் புற்றுநோய். ஆரம்பத்தில் ஒருவரையொருவர் நம்பாதவர்கள்; ஒரு கட்டத்தில் அடாமா அவரைச் சிறையிலும் அடைக்கிறார். பிறகு மெல்ல, வருடக்கணக்கில், புத்தகம் வாசித்துக் காட்டுவதும் மருந்து நேரத்தில் பக்கத்தில் உட்காருவதுமாக அந்த உறவு வளர்கிறது. ராஸ்லின் காணாமல் போகும்போது அடாமா படைத்தலைமையையே நண்பரிடம் கொடுத்துவிட்டு, ஒரு சிறு விண்கலத்தில் தன்னந்தனியாக அவருக்காகக் காத்திருக்கிறார். அதனால் அடாமாவும் சிறுக்கவில்லை. காதலிக்கப்பட்டதால் அதிபரும் சிறுக்கவில்லை. ராஸ்லின் போட்ட கடுமையான ஆணைகளுக்கு அந்தக் காதலே இன்னும் ஆழம் தந்தது.

அதிபரும் படைத்தளபதியும் ஒரே படிநிலையில் மேல்-கீழாக இருப்பவர்கள் இல்லை, அதனால் அது எளிது என்று சொல்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஜேன்வேயின் கதை அதைவிடக் கடினமான கதை. கடினமானது என்பதால்தான் நல்ல எழுத்தாளர் ஒருவர் அதைத் தேடிப்போக வேண்டும்.

'வாயேஜர்' கடைசிக் கட்டத்தில் என்ன செய்தது? 2001 ஜனவரியில் 'ஷேட்டர்டு' எபிசோடில், காலம் சிதறிய கப்பலில், முதல் ஆண்டின் ஜேன்வேயை ஏழாம் ஆண்டின் சக்கோட்டே சந்திக்கிறார். நாம் எவ்வளவு நெருக்கமாவோம் என்று அவர் கேட்க, நாம் தாண்டாத சில எல்லைகள் உண்டு என்கிறார் சக்கோட்டே. எழுத்தாளர் அறையே தன் தீர்மானத்தைப் பாத்திரத்தின் வாயால் சொல்லிவிட்ட இடம் அது. நான்கே மாதத்தில் 'எண்ட்கேம்' வந்தது. அதுவரை பெரிதாக எந்த அடையாளமும் காட்டாமல், சக்கோட்டேயும் கப்பலில் உள்ள செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணும் காதலர்கள் என்று அறிவித்தார்கள். எதிர்காலத்திலிருந்து 26 ஆண்டுகள் பின்னோக்கி வரும் முதிய அட்மிரல் ஜேன்வே, காலத்தைத் திருத்த வந்ததற்குச் சொல்லும் காரணங்களில் செவனின் மரணமும், அதிலிருந்து மீளாத சக்கோட்டேயும் உண்டு. தனக்கென்று அவர் எதையும் கேட்கவில்லை. தன் உயிரையும் கொடுத்து மற்றவர்களை வீடு சேர்க்கிறார். மல்க்ரூ அந்த இரட்டை வேடத்தை அற்புதமாகச் செய்தார். ஆனால் அந்த முதிய பெண் ஏன் இவ்வளவு தனியாக இருக்கிறார் என்று கதையில் யாரும் கேட்கவே இல்லை. சக்கோட்டேயின் கல்லறைக்குப் போய் அவர் பேசும் காட்சியை வைத்தவர்களுக்கு, அந்தத் தனிமை தெரியாமல் இருந்திருக்காது.

இருபது ஆண்டுகள் கழித்து ஓர் இரண்டாம் வாய்ப்பும் வந்தது. 2021இல் தொடங்கிய 'ப்ராடிஜி' என்ற அனிமேஷன் தொடரில் மல்க்ரூ மறுபடியும் ஜேன்வேக்குக் குரல் கொடுத்தார்; பெல்ட்ரான் சக்கோட்டேக்கு. சிறுவர்களுக்கான தொடர். ஆனாலும் அதன் உயிர்நாடி, காணாமல் போன கேப்டன் சக்கோட்டேயை அட்மிரல் ஜேன்வே விடாமல் தேடுவதுதான். பாரமவுன்ட் பிளஸ் கைவிட்டதும் நெட்ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்டு 2024 ஜூலையில் இரண்டாம் சீசனை வெளியிட்டது. தேடல் முடிந்து இருவரும் சந்திக்கிறார்கள். அந்தச் சந்திப்பில் இருந்த பரிவு, 'ரெசல்யூஷன்ஸ்' மேசையில் கோத்த கைகளுக்குப் பிறகு இந்த இருவருக்கும் கிடைத்த மிக நேர்மையான எழுத்து. அப்போதும் பெயர் சொல்லாமல்தான் விட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. ஜேன்வே அட்மிரல், சக்கோட்டே கேப்டன். இருவரும் தினமும் ஒரே கட்டளைத் தளத்தில் உட்காருபவர்கள் இல்லை. காவல் காக்க வேண்டிய 75 ஆண்டுப் பயணம் இல்லை. தொடரின் நாயகியான முதல் பெண் கேப்டன் என்ற சுமையையும் இனி அவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அவருக்குப் பின் 'டிஸ்கவரி'யில் மைக்கேல் பர்னம் கேப்டன் ஆனார், நாயகியாகவே காதலித்தார், கடைசி எபிசோடில் குடும்பத்தோடு காட்டப்பட்டார். 1995இல் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட இப்போது மிச்சமில்லை. மல்க்ரூ 1955இல் பிறந்தவர். எழுபது வயதுப் பெண் ஒருவர் தன் வாழ்நாள் தோழரிடம் இத்தனை காலம் சொல்லாததைச் சொல்லும் காட்சியை நடிக்க அவரைவிடத் தகுந்தவர் யாரும் இல்லை. பெல்ட்ரானும் இருக்கிறார். உரிமை பாரமவுன்ட்டிடம் இருக்கிறது. அந்தக் காட்சியை எழுதுங்கள்.

- கட்டுரையாளர், திரைக்கதைப் பயிற்றுநர். தொலைக்காட்சித் தொடர்கள் குறித்து எழுதிவருபவர்.